லாரிக்கு சர்வீஸ் உண்டு, லேப்டாப்புக்குக் கிடையாதா?

இளம்பிள்ளை பக்கம் ஒரு தறி வீடு. முன்னால் நாலு தறி ஓடுகிறது. பின்னால் ஓர் அறை. அங்கே கட்டில் மேல் லேப்டாப்பை வைத்துக்கொண்டு அந்த வீட்டுப் பெண் பரீட்சை எழுதிக் கொண்டு இருந்தாள். கல்லூரிப் பரீட்சை அல்ல. கம்பெனி வேலைக்கான ஆன்லைன் பரீட்சை. ஒரு மணி நேரம்தான் கெடு.

இருபதாவது நிமிஷம் லேப்டாப் 'உஸ்ஸ்' என்று இரைந்தது. அப்புறம் 'கரகர' என்று சத்தம். அம்புக்குறி நகரவில்லை. திடீர் என்று திரை இருண்டது.

"என்ன கண்ணு, கரண்டு போயிருச்சா?" என்று தறியை நிறுத்திவிட்டு ஓடி வந்தார், தாய்.

"இல்லம்மா. சூடாகி நின்னு போச்சு."

மறுபடி அதற்கு உயிர் வருவதற்குள் நேரம் முடிந்துவிட்டது. பரீட்சை போச்சு!

டவுனில் ஒரு கடையில் காட்டினார்கள். "போர்டு போச்சுங்க. பதினோராயிரம் ஆகும்" என்று சொன்னார்களாம். அந்தத் தாய் கெட்டிக்காரர். "யோசிச்சு சொல்றேனுங்க" என்று திரும்ப வாங்கிக் கொண்டு வந்துவிட்டார். ஊரிலேயே சின்னதாகக் கடை வைத்து இருக்கும் ஒரு வாலிபர் அடி மூடியைக் கழற்றினார். உள்ளே என்ன இருந்தது, தெரியுமா? பஞ்சு! கம்பளித் துண்டு மாதிரி படிந்து கிடந்த பஞ்சு. அதை எடுத்துப் போட்டார். தேய்ந்து போன ஃபேனையும் மாற்றினார். செலவு ஆயிரத்து இருநூறு ரூபாய். லேப்டாப் ஓடுகிறது. வேலை வரவில்லை.

குட்டி ரேடியேட்டர்

நாமக்கல், சங்ககிரி லாரிக்காரர்களுக்கு இந்த விஷயத்தை விளக்க வேண்டியதே இல்லை. லேப்டாப்புக்குள்ளும் ஒரு ரேடியேட்டர் இருக்கிறது. பிராசசர் என்ற சில்லுதான் என்ஜின். அதன் தலை மேல் ஒரு செம்புக் குழாய். அது சூட்டை இழுத்துக்கொண்டு போய் ஓரத்தில் இருக்கும் மெல்லிய தகடுகளுக்குக் கொடுக்கிறது. பக்கத்திலேயே உள்ளங்கை அளவுகூட இல்லாத ஒரு ஃபேன். அடியில் இருந்து காற்றை உறிஞ்சி, தகடு வழியாக ஊதி, வெளியே தள்ளுகிறது. அவ்வளவுதான் சூட்சுமம்!

தகடு அடைத்தால்? ஃபேன் சுற்றும், காற்று போகாது. ஃபேனே நின்றுவிட்டால் கேட்கவே வேண்டாம். சூடு ஏற ஏற, பிராசசர் தானாகவே வேகத்தைக் குறைக்கும். நாம் "வைரஸ் வந்துருச்சு" என்று அதன் மேல் பழியைப் போடுகிறோம். பெரும்பாலான சில்லுகளுக்கு 100 டிகிரி செல்சியசை ஒட்டி எல்லை வைத்து இருக்கிறார்கள். அதைத் தொட்டும் சூடு அடங்கவில்லை என்றால், கருகிப் போகாமல் இருக்க லேப்டாப் தன்னைத் தானே அணைத்துக் கொள்ளும். ஆக, சூட்டில் அணைந்த லேப்டாப் செத்துப் போனது என்று அர்த்தம் இல்லை. தப்பித்துக் கொண்டது என்று அர்த்தம். இதைத் தெரியாதவர்களிடம்தான் "போர்டு போச்சு" பேச்சு எடுபடுகிறது.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. சாதாரணமாக லேப்டாப் கம்பெனிகள் 35 டிகிரி செல்சியஸ் வரை உள்ள இடத்தில்தான் பயன்படுத்தச் சொல்கின்றன. நம் வெயில் கணக்கில் 95 டிகிரி. சேலத்தில் சித்திரை மாதம் 100 டிகிரி என்பது சர்வ சாதாரணம். 2024 ஏப்ரலில் 105-ஐயும் தாண்டியது. அது நிழலில் அளந்த கணக்கு. தகரக் கூரைக்குக் கீழே என்ன இருக்கும்? சுவிட்சைப் போடுவதற்கு முன்பே எல்லை தாண்டியாச்சு!

அத்தோடு தூசி வேறு. ஜலகண்டாபுரம், தாரமங்கலம், பள்ளிபாளையம், குமாரபாளையம்... தறிச் சத்தம் கேட்கும் இடம் எல்லாம் பஞ்சு பறக்கிறது. மண் தூசியாவது கொஞ்சம் உதிரும். பஞ்சு உதிராது. இழையோடு இழை பின்னிக் கொண்டு தகட்டின் வாயில் துணி மாதிரி படியும். கோழிப் பண்ணை, ஜவ்வரிசி ஆலைப் பக்கமும் மாவும் தூசியும்தான். குளுகுளு அறையில் இரண்டு வருஷம் தாங்குவது, இங்கே ஆறு மாதத்தில் மூச்சு முட்டுகிறது.

பஞ்சர் கடைக் காற்று

இதற்கு நம் ஆட்கள் செய்யும் வைத்தியம் இருக்கிறதே! ஒருவர் லேப்டாப்பைப் பஞ்சர் கடைக்கு எடுத்துப் போய் டயருக்கு அடிக்கும் காற்றை அடித்தார். அந்தக் காற்றில் தண்ணீர்த் துளி வரும். அந்த வேகத்தில் ஃபேன் தறிகெட்டுச் சுற்றி அச்சும் போகும். இன்னொருவர் ஃபிரிட்ஜில் வைத்தாராம். உள்ளே வேர்த்து ஈரம் கட்டும். வேண்டாம், சாமி!

கட்டில், மெத்தை, தலையணை மேல் வைக்காதீர்கள். அடியில் இருக்கும் மூக்குத் துவாரம் அடைபடும். மேஜையில் வையுங்கள். நாலு மூலையிலும் சோடா மூடி கொடுத்துத் தூக்கி வைத்தாலே காற்று ஓடும். 'கரகர' சத்தம் வந்தால் ஃபேன் தேய்கிறது என்று அர்த்தம். சத்தமே இல்லாமல் சூடு மட்டும் ஏறினால் அது இன்னும் ஆபத்து. உடனே அணைத்துவிடுங்கள். பிரித்துத் துடைக்கும்போது சில்லுக்கும் செம்புக்கும் நடுவில் காய்ந்து போன பசையையும் மாற்றச் சொல்லுங்கள். பேட்டரி உப்பி, மூடி மேலே எழும்பி இருந்தால் சார்ஜ் போடவே கூடாது.

கொடுத்தவர்கள் கவனிப்பார்களா?

2011 செப்டம்பர் 15-ந் தேதி முதல்-அமைச்சர் ஜெயலலிதா இலவச லேப்டாப் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். அதே நாளில் மிக்சி, கிரைண்டர், மின்விசிறித் திட்டமும் தொடங்கியது. வீட்டுக்கு ஒரு ஃபேன் வந்தது. லேப்டாப்புக்குள் இருந்த ஃபேனைப் பற்றி யாரும் பேசவில்லை. அடுத்து வந்த வருஷங்களில் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவ-மாணவிகள் லேப்டாப் வாங்கினார்கள். பிறகு 2025 மார்ச் பட்ஜெட்டில், கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு இரண்டு ஆண்டுகளில் லேப்டாப் அல்லது டேப்லெட் கொடுப்பதாக அறிவிப்பு வந்தது. நல்ல காரியம். யார் கொடுத்தாலும் வரவேற்க வேண்டியதுதான்.

ஆனால், கொடுக்கும் நாளுக்கு மேடை போடுகிறவர்கள், துடைக்கும் நாள் என்று ஒன்று குறிக்கக் கூடாதா? வருஷா வருஷம் பங்குனியில், வெயில் ஏறுவதற்கு முன்னால், ஒவ்வொரு கல்லூரியிலும் ஒரு நாள். ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் பையன்களைக் கூப்பிடுங்கள். ஸ்குரூ டிரைவர், பிரஷ், ஊதும் மெஷின், ஒரு டியூப் பசை. பெரிய செலவு எதுவும் இல்லை. பையன்களுக்கும் கைத்தொழில் பழகும். "பிரிச்சா வாரண்டி போயிருமே" என்பார்கள். வாரண்டி இருக்கும் வரை கம்பெனிக்காரர்களே வந்து துடைத்துக் கொடுக்க வேண்டும் என்று டெண்டரிலேயே எழுதிவிடலாமே?

திருச்செங்கோட்டில் ரிக் வண்டி வைத்து இருப்பவர்கள் கம்ப்ரசர் ஃபில்டரைத் தட்டாமல் வண்டியை எடுப்பார்களா? லாரி மெக்கானிக் பழைய சாமானைக் கையில் கொடுத்துக் காட்டிவிட்டுத்தானே காசு கேட்கிறார்? லேப்டாப் கடைக்காரர்களும் வாடிக்கையாளர் கண் முன்னால் மூடியைக் கழற்றிக் காட்டட்டும். அதற்கு அப்புறம் பதினோராயிரம் கேட்கட்டும்.

அந்த இளம்பிள்ளைப் பெண்ணுக்கு வைகாசியில் இன்னொரு பரீட்சை வருகிறது. மேஜை வாங்கியாச்சு. சோடா மூடியும் ரெடி. அன்றைக்கு ஒரு மணி நேரம் நாலு தறியையும் நிறுத்திவிடுவதாக அவளுடைய அம்மா சொல்லி இருக்கிறார்.