கடைக்குப் பெயர் யார் பேரில்?

தியாகராயநகர் ஜவுளிக் கடை முதல் மயிலாப்பூர் மாடவீதி அப்பளக் கடை வரை எல்லோருக்கும் இப்போது இணையதளம் வேண்டும். அமைத்துக் கொடுப்பவர் வருகிறார். "என்ன நிறம்? எத்தனை பக்கம்?" என்கிறார்.

நிறம் கிடக்கட்டும்! அவர் முதலில் கேட்க வேண்டியது, "தளத்தின் பெயர் யார் பேரில் பதிவாக வேண்டும்?" என்பதுதான்.

அந்தப் பெயர் கிரயம் ஆவதில்லை, குத்தகைதான். கெடுவுக்குள் புதுப்பிக்காவிட்டால் கைநழுவிப் போகலாம். அமைத்தவர் பேரிலேயே பதிவு இருந்துவிட்டால், மனஸ்தாபம் வரும் நாளில் கடைக்காரர் பாடு திண்டாட்டம்!

"இதே போன்ற பெயர் வேறு எவருக்கும் உண்டா?" இதையும் கேட்க வேண்டும். சென்னை சத்யம் இன்போவே நிறுவனம் 1999-ல் 'சிஃபி' என்ற பெயரில் தளங்களைப் பதிவு செய்தது. சத்யம், இன்போவே இரண்டையும் சேர்த்துப் புனைந்த சொல் அது. பின்னர் ஆங்கிலத்தில் ஓர் எழுத்து மட்டும் கூட்டி, அதே போல ஒலிக்கும் தளத்தை வேறொரு நிறுவனம் தொடங்கியது. வழக்கு கர்நாடக ஐகோர்ட்டைத் தாண்டி சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று. இணையப் பெயருக்கும் வணிகச் சின்னம் போலப் பாதுகாப்பு உண்டு என்று 2004-ல் தீர்ப்பாயிற்று. சத்யம் வென்றது.

அடையாற்றுப் பாட்டி கைபேசியில் தமிழில் படிக்க முடியுமா? தீபாவளிக்கு அப்பளம் விலை மாறினால் தளத்தில் யார் மாற்றுவது? அதற்குத் தனிக் கூலியா? இவையும் முன்பணம் வாங்குமுன் பேச வேண்டியவை.