வீடு திரும்பும் உரிமையும் பராமரிப்பவரின் ஊதியமும்

2025 ஜூலை 4 அன்று டிரம்ப் கையெழுத்திட்ட வரி மற்றும் செலவினச் சட்டம், பெருஞ்செல்வந்தர்களுக்கு வரிச் சலுகைகளை அள்ளி வழங்கியது. ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிக்கெய்டில் கைவைத்தது. பத்தாண்டுகளில் மெடிக்கெய்டுக்கான கூட்டாட்சி அரசின் செலவு 90,000 கோடி டாலருக்கும் மேல் குறையும் என்பது அமெரிக்க நாடாளுமன்றத்தின் வரவுசெலவு அலுவலகமே அளித்த கணிப்பு. இந்த வெட்டு யார் யாரைப் பாதிக்கும் என்ற விவாதத்தில் அதிகம் பேசப்படாத ஒரு பிரிவினர் உண்டு. பராமரிப்பு இல்லங்களிலிருந்து வெளியேறி வீடு திரும்பியவர்களும், திரும்புவதற்குக் காத்திருப்பவர்களுமே அவர்கள்.

நம்மிடையே ‘நர்சிங் ஹோம்’ என்றால் சிறிய தனியார் மருத்துவமனை. அமெரிக்காவில் அச்சொல் குறிப்பது வேறொன்றை. குளிக்கவும் உடுக்கவும் உண்ணவும் படுக்கையிலிருந்து எழவும் பிறர் உதவி தேவைப்படும் முதியோரும் மாற்றுத்திறனாளிகளும் நீண்டகாலம் தங்கியிருக்கும் பராமரிப்பு இல்லம் அது. ஏறத்தாழ 12 லட்சம் பேர் அத்தகைய இல்லங்களில் வாழ்கின்றனர். அவர்களுள் பத்தில் ஆறு பேருக்கு மெடிக்கெய்டே செலவை ஏற்கிறது. இல்லங்களிலோ பத்தில் ஏழு, லாப நோக்கில் நடத்தப்படுபவை. பொதுப்பணமாக உள்ளே செல்வது தனியார் லாபமாக வெளியே வருகிறது. கொரோனா பெருந்தொற்றின் முதல் இரண்டாண்டுகளில் அந்நாட்டின் நீண்டகாலப் பராமரிப்பு நிலையங்களில் வசித்தோரும் பணியாற்றியோருமாக இரண்டு லட்சம் பேர் மடிந்தனர் என்பதையும் இங்கே நினைவுகூர வேண்டும்.

சட்டத்திலேயே பதிந்த சாய்வு

1965இல் மெடிக்கெய்ட் உருவானபோதே ஒரு சாய்வு அதனுள் பதிந்துவிட்டது. தகுதியுள்ளவருக்குப் பராமரிப்பு இல்லச் சேவையை ஒவ்வொரு மாநிலமும் கட்டாயம் வழங்க வேண்டும். அதே மனிதருக்கு அவரது வீட்டிலேயே உதவியாளரை அனுப்புவதோ பெரும்பாலும் மாநிலத்தின் விருப்பத்தைப் பொறுத்தது. 1981இல் செய்யப்பட்ட திருத்தம், மெடிக்கெய்ட் நிதியை வீட்டுப் பராமரிப்புக்குச் செலவிட மாநிலங்களுக்கு வழி திறந்தது. கூடவே, எத்தனை பேருக்கு என்று வரம்பு கட்டும் அதிகாரத்தையும் கொடுத்தது. அதன் விளைவாக 2024இல் ஏறத்தாழ ஏழு லட்சம் பேர் காத்திருப்போர் பட்டியலில் இருந்தனர். இல்லத்திற்குள் செல்வதற்கு இத்தகைய பட்டியல் எதுவும் இல்லை. வீட்டில் வாழ்வதற்குத்தான் பட்டியல்!

உள்ளே சென்றவர் வெளியே வருவது எளிதன்று. மெடிக்கெய்ட் உதவியில் தங்குபவர் தமது ஓய்வூதியம் உள்ளிட்ட வருமானத்தின் பெரும்பகுதியை இல்லத்தின் கட்டணத்துக்கே கொடுத்துவிட வேண்டும். கைச்செலவுக்கென அவரிடம் விட்டுவைக்க வேண்டிய தொகை, கூட்டாட்சிச் சட்டத்தின்படி குறைந்தபட்சம் மாதம் 30 டாலர். 1980களின் இறுதியில் நிர்ணயிக்கப்பட்ட அந்தத் தொகை இன்றளவும் உயரவில்லை. மாநிலங்கள் பல சற்றுக் கூடுதலாக அனுமதிக்கின்றன. எனினும் அதைக்கொண்டு எந்த நகரிலும் வாடகை கட்ட இயலாது. வாடகை நின்றால் வீடு போகும். வீடு போனால், உடல் தேறிய பின்பும் திரும்புவதற்கு இடமில்லை.

போராடிப் பெற்றவை

இந்நிலைக்கு எதிராக மாற்றுத்திறனாளிகள் நடத்திய போராட்டம் நெடியது. 1977 ஏப்ரலில் சான்பிரான்சிஸ்கோவில் கூட்டாட்சி அரசு அலுவலகக் கட்டடத்தினுள் நூற்றுக்கும் மேற்பட்டோர் நுழைந்து, ஏறத்தாழ நான்கு வாரங்கள் வெளியேற மறுத்து அமர்ந்தனர். அரசு நிதி பெறும் எந்த அமைப்பும் தங்களுக்கு எதிராகப் பாகுபாடு காட்டக் கூடாது என்ற சட்டப் பிரிவுக்கு நடைமுறை விதிகளை வெளியிட வேண்டும் என்பது அவர்களது கோரிக்கை. அவர்களுக்கு நாள்தோறும் உணவு கொண்டுவந்து கொடுத்தவர்கள் கருஞ்சிறுத்தைக் கட்சியினர். கோரிக்கை வென்றது. 1990இல் அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்டம் வந்தது.

அச்சட்டத்தின் துணைகொண்டு ஜார்ஜியா மாநிலத்தின் லோயிஸ் கர்டிஸ், எலைன் வில்சன் என்ற இரு பெண்கள் வழக்காடினர். சமூகத்தில் வாழ அவர்கள் தகுதியானவர்கள் என்று மருத்துவர்களே கூறிய பின்பும் மாநில அரசு அவர்களை மனநல மருத்துவமனையிலேயே வைத்திருந்தது. நியாயமின்றி ஒருவரை நிறுவனத்தில் ஒதுக்கிவைப்பதே பாகுபாடுதான் என்று உச்ச நீதிமன்றம் 1999 ஜூன் 22 அன்று தீர்ப்பளித்தது. ஆனால், மாநிலத்திடம் உள்ள நிதி ஆதாரங்களையும் கணக்கில் கொள்ளலாம் என்ற வாசகத்தையும் அத்தீர்ப்பு சேர்த்தே எழுதியது. உரிமையை ஒரு கையால் கொடுத்து, பணப்பையின் வாயை மறு கையால் பிடித்துக்கொண்ட தீர்ப்பு அது.

‘மனிதரைப் பின்தொடரும் பணம்’ என்று பொருள்படும் பெயரில் ஒரு மெடிக்கெய்ட் திட்டம் அதன் பின்னர் வந்தது. இல்லத்திலிருந்து வெளியேறுபவருக்கு வீடு தேடித் தருவது, முன்பணம் கட்டுவது, கட்டில் பாத்திரம் வாங்குவது, சக்கர நாற்காலி செல்லச் சாய்தளம் அமைப்பது முதலிய செலவுகளுக்கு அதில் இடமுண்டு. வெளியேறிய பின் ஓராண்டுக் காலம் கூட்டாட்சி அரசு கூடுதல் பங்கை ஏற்கும். முதலில் ஆறு மாதம் இல்லத்தில் தங்கியிருந்தால்தான் தகுதி என்றிருந்தது. பின்னர் அது 90 நாட்களாகவும், 2021இல் 60 நாட்களாகவும் குறைந்தது. 2019 இறுதிக்குள் ஒரு லட்சத்திற்கும் மேற்பட்டோர் இதன்வழி வெளியேறினர். இது சிறிய சாதனை அன்று. ஆயினும் இத்திட்டம் தவணை தவணையாகவே நீட்டிக்கப்படுகிறது. இப்போதைய தவணை 2027இல் முடிகிறது. உள்ளே வைத்திருக்கும் நிதி நிரந்தரம். வெளியே அழைத்துவரும் நிதி தற்காலிகம். வெளியே வந்தவரின் நீண்டகால மாத வாடகைக்கோ மெடிக்கெய்டில் பொதுவாக வழியில்லை.

‘மலிவு’ என்ற வாதத்தின் ஆபத்து

இத்திட்டத்தைக் கொண்டுவந்த சட்டத்தின் பெயர் ‘பற்றாக்குறைக் குறைப்புச் சட்டம்’. இல்லத்தை விட வீட்டுப் பராமரிப்பு செலவு குறைந்தது என்ற வாதமே ஆள்வோரை இணங்கச் செய்தது. இங்கேதான் இடதுசாரிகள் விழிப்புடன் இருக்க வேண்டும். மலிவாக இருப்பதால் வழங்கப்படும் உரிமை, அதைவிட மலிவான வழி ஒன்று தென்பட்டதும் பறிக்கப்படும்.

இதற்கு முன்னுதாரணம் உண்டு. 1963இல் கென்னடி ஆட்சி, பெரிய மனநல மருத்துவமனைகளுக்கு மாற்றாகச் சமூக மனநல மையங்களை அமைக்கச் சட்டம் இயற்றியது. மருத்துவமனைகள் காலியாயின, மையங்களுக்கு உரிய நிதி வரவில்லை. வந்துகொண்டிருந்த நிதியையும் 1981இல் ரீகன் ஆட்சி சுருக்கியது. நோயாளிகள் பலர் தெருவிலும் சிறையிலும் போய்ச் சேர்ந்தனர். நிதியில்லாத ‘சமூக வாழ்வு’ என்பது கைகழுவுதலின் மறுபெயர்.

அடுத்த கேள்வி: வீட்டுப் பராமரிப்பு ஏன் மலிவாக இருக்கிறது? ஒரு பகுதியைக் குடும்பப் பெண்கள் ஊதியமின்றிச் சுமக்கின்றனர். மறு பகுதியைச் செய்யும் தொழிலாளர்கள் பெரும்பாலும் பெண்கள். அவர்களுள் கறுப்பினத்தவரும் புலம்பெயர்ந்தோரும் மிகுதி. இவர்களைத் தோழமைக்காக உடனிருப்போர் என்று வகைப்படுத்தி, குறைந்தபட்ச ஊதியப் பாதுகாப்பிலிருந்து விலக்கிவைத்தனர். மிகைநேர ஊதியம் கேட்டு வழக்காடிய ஈவ்லின் கோக் என்ற நியூயார்க் தொழிலாளி, 2007இல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றார். 2013இல் ஒபாமா ஆட்சி கொண்டுவந்த விதி அந்த அநீதியைப் பெருமளவு திருத்தியது. 2025இல் டிரம்ப் ஆட்சி அதை மாற்றியமைக்க முன்மொழிந்துள்ளது. மெடிக்கெய்ட் வெட்டும் இம்முன்மொழிவும் ஒரே கத்தியின் இரு முனைகள். நிதி சுருங்கும்போது மாநிலங்கள் முதலில் கைவைக்கக் கூடியது சட்டக் கட்டாயமில்லாத சேவையில்தான். அதுதான் வீட்டுப் பராமரிப்பு.

நிறுவனங்களை மூடினால் வேலை போகும் என்று அஞ்சி, அங்குள்ள தொழிற்சங்கங்கள் சில மாற்றுத்திறனாளிகளின் கோரிக்கைக்கு எதிரே நின்றதும் உண்டு. அந்த முரண்பாட்டைத் தீர்க்கும் வழியை லாஸ் ஏஞ்சல்ஸ் காட்டியது. பராமரிப்புத் தொழிலாளர்களுக்கு முதலாளி யார் என்பதே அங்கு வழக்காக இருந்தது. பராமரிப்பு பெறுவோரும் தொழிலாளர்களும் கைகோத்துப் போராடி, கூட்டுப்பேரத்திற்குப் பொறுப்பேற்கும் பொது அமைப்பு ஒன்றை உருவாக்கச் செய்தனர். 1999 பிப்ரவரியில் 74,000 வீட்டுப் பராமரிப்புத் தொழிலாளர்கள் சங்கமாயினர். 1937இல் ஜெனரல் மோட்டார்ஸ் தொழிலாளர் பெற்ற வெற்றிக்குப் பின் அமெரிக்கத் தொழிற்சங்க வரலாற்றின் மிகப் பெரிய வெற்றியாக அது குறிப்பிடப்படுகிறது. வீடு திரும்பும் உரிமையைத் தீர்ப்பு உறுதிசெய்ததும், அவ்வுரிமையைச் செயலாக்கும் கரங்கள் ஒன்றுதிரண்டதும் அதே ஆண்டில் என்பது நினைவில் நிறுத்தத் தக்கது.

நமக்கான பாடம்

மாற்றுத்திறனாளிகள் சமூகத்தில் வாழும் உரிமையை நமது 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 5ஆம் பிரிவு ஏற்கிறது. தனிப்பட்ட உதவியாளர் உள்ளிட்ட ஆதரவுச் சேவைகளையும் குறிப்பிடுகிறது. ஆனால் ஒன்றிய அரசு மாற்றுத்திறனாளி ஓய்வூதியத்துக்கு அளிக்கும் பங்கோ மாதம் 300 ரூபாய். அதுவும் வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ள கடும் பாதிப்புடையோருக்கு மட்டும். வீட்டு வாசல்தோறும் செல்லும் ஆஷா ஊழியர்கள் இன்னமும் ‘தன்னார்வலர்கள்’ என்றே அழைக்கப்படுகின்றனர். இங்கே பெரும்பாலோரை அடைத்துவைப்பது நிறுவனச் சுவர் அன்று. உதவியாளரும் சாய்தளமும் இல்லாத சொந்த வீட்டின் சுவரே. அச்சுவருக்குள் தாயோ மனைவியோ மகளோ உடன் அடைபடுகிறாள்.

எனவே, சமூகத்தில் வாழும் உரிமை, அதற்கான நிரந்தரப் பொது நிதி, பராமரிப்புத் தொழிலாளருக்குத் தொழிலாளர் என்ற தகுதியும் முறையான ஊதியமும் ஆகிய மூன்றையும் ஒரே கோரிக்கையாக நாம் எழுப்ப வேண்டும். மாற்றுத்திறனாளிகள் சங்கமும் திட்ட ஊழியர் சங்கமும் மாதர் சங்கமும் ஒரே மேடையில் நின்று பேச வேண்டிய கோரிக்கை இது. இவற்றுள் ஒன்றை விட்டுவிட்டு மற்றவற்றை வெல்ல முடியாது என்பதே அமெரிக்க அனுபவம் நமக்குச் சொல்வது.