அராஃபத் பிறந்தது கெய்ரோவா, ஜெருசலேமா? சர்ச்சை ஓயாதது ஏன்?

பாலஸ்தீனத் தலைவர் யாசர் அராஃபத் மறைந்து 20 ஆண்டுகள் கடந்தும், அவரது வாழ்க்கை வரலாற்றைச் சுற்றிய சர்ச்சை இன்னும் ஓயவில்லை.

எங்கே பிறந்தார்?

1929-ல் எகிப்தின் கெய்ரோவில் பிறந்தார் என்பதே பெரும்பாலான ஆய்வாளர்களின் முடிவு. அராஃபத்தோ ஜெருசலேம் என்று சொல்லிவந்தார். பாலஸ்தீனர்கள் தலைநகராகக் கோரும் நகரமாச்சே! எதிர்ப்பாளர்கள் கெய்ரோவைப் பிடித்துக்கொண்டு, ‘அவர் பாலஸ்தீனரே இல்லை’ என்கிறார்கள். அதுவும் தப்பு. தந்தை காசாவைச் சேர்ந்தவர். தாயின் குடும்பம் ஜெருசலேம். தாய் இறந்த பிறகு சில ஆண்டுகள் அங்கேதான் வளர்ந்தார்.

எப்படி இறந்தார்?

2004 நவம்பர் 11-ல் பாரிஸ் அருகே ராணுவ மருத்துவமனையில் உயிரிழந்தார். 2012-ல் உடலைத் தோண்டியெடுத்து, மாதிரிகளை 3 நாட்டு நிபுணர்கள் ஆய்வு செய்தனர். பொலோனியம் விஷம் என்ற சந்தேகத்துக்கு சுவிட்சர்லாந்து அறிக்கை ஓரளவு வலு சேர்த்தது. பிரான்ஸ், ரஷ்ய நிபுணர்கள் இயற்கை மரணம் என்றனர்.

எதை நம்புவது?

எழுதியவர் எந்த நாட்டுக்காரர் என்பதை வைத்து மட்டும் எடைபோட முடியாது. 1998-ல் அராஃபத்தைக் கடுமையாக விமர்சித்து நூல் எழுதிய சயீத் அபுரிஷ் பாலஸ்தீனர்தான். தகவல் சரியாக இருந்தால் மட்டும் போதாது. கெய்ரோவைச் சொல்லி காசாவை மறைத்தாலும், ஒரு அறிக்கையைக் காட்டி மற்ற இரண்டை விட்டாலும் அது ஒருதலைப்பட்சம்தான்.