நிலம் ராணுவத்துக்கு, புத்திமதி வீரனுக்கா?

குவாம் தீவின் முன்னாள் படைவீரர்கள் பெயரால் நடக்கும் கண்துடைப்பு

பசிபிக் மாக்கடலின் நடுவே குவாம் என்றொரு தீவு இருக்கிறது. பரப்பு சுமார் 540 சதுர கிலோமீட்டர். 2020-ஆம் ஆண்டுக் குடிக்கணக்குப்படி ஜனத்தொகை 1,53,836. 1898-இல் ஸ்பெயினை யுத்தத்தில் தோற்கடித்த அமெரிக்கா, அந்த ஆண்டே ஒப்பந்தம் போட்டு இந்தத் தீவைத் தன் சொத்தாக எழுதி வாங்கிக்கொண்டது. 1972 டிசம்பரில் ஹனாய் நகரத்து மக்கள் மீது குண்டு பொழிந்த பி-52 விமானங்களில் பெரும்பகுதி இந்தத் தீவிலிருந்துதான் கிளம்பின.

இந்தத் தீவின் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாக அமெரிக்கப் பட்டாளத்தில் சேர்கிறார்கள். கொரியா, வியத்நாம், இராக், ஆப்கானிஸ்தான் என்று எங்கே யுத்தம் மூண்டாலும் அங்கே குவாம் மண்ணின் பிள்ளை நின்றிருக்கிறான். ஜனத்தொகையோடு ஒப்பிட்டால் மிக அதிகம் பேரைப் பட்டாளத்துக்குக் கொடுக்கும் இடங்களில் இந்தச் சின்னத் தீவும் ஒன்று.

யுத்தம் முடிந்து, பட்டாளத்து உடுப்பைக் கழற்றிவிட்டு ஊர் திரும்பும் இந்த வீரனுக்கு அமெரிக்க சர்க்கார் என்ன தருகிறது? “சிறுதொழில் தொடங்கு, கடை வை, நீயே முதலாளி ஆகு” என்று உபதேசம் செய்கிறது!

வீரர்களுக்கு உதவி செய்வதை நாம் எதிர்க்கிறோமா? இல்லை. உழைத்துப் பிழைக்க விரும்பும் எவனுக்கும் உதவி கிடைக்கட்டும். நாம் கேட்பது வேறு. இந்த உதவி வீரனின் கையில் எதைக் கொடுக்கிறது? அவன் கையிலிருந்து எதை ஏற்கெனவே பறித்துவிட்டது? வரவையும் செலவையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்ப்போம்.

வகுப்பும் கடனும்

அமெரிக்காவில் 1953-இல் சிறுதொழில்களுக்கென்று ஒரு சர்க்கார் நிர்வாகம் ஏற்படுத்தப்பட்டது. பட்டாளத்தை விட்டு வருபவர்களுக்கு அது ‘பூட்ஸ் டு பிசினஸ்’ என்ற பெயரில் இரண்டு நாள் வகுப்பு நடத்துகிறது. கணக்கு எழுதுவது எப்படி, திட்டம் தீட்டுவது எப்படி, வங்கியை அணுகுவது எப்படி என்று சொல்லித் தருகிறார்கள். சரி, கற்றுக்கொள்வதில் தவறில்லை.

பிறகு கடன். சர்க்கார் தன் பெட்டியைத் திறந்து கடன் கொடுக்கிறது என்று நினைத்துவிட வேண்டாம். பெரும்பாலும் கடன் கொடுப்பது வங்கி. சர்க்கார் அந்தக் கடனின் ஒரு பகுதிக்கு வங்கியிடம் ஜாமீன் நிற்கிறது. வியாபாரம் நடந்தால் வட்டி வங்கிக்கு. படுத்துவிட்டால் நஷ்டத்தில் ஒரு பங்கைச் சர்க்கார் வங்கிக்கு ஈடுகட்டுகிறது. வீரனுக்கு யார் ஈடுகட்டுவது? கடையும் போய், ஈடு வைத்த சொத்தும் போய் அவன் தெருவில் நிற்க வேண்டியதுதான். அந்த ஜாமீனில் பத்திரமாக இருப்பது வங்கியின் பணம்தான்!

ஈடு வைக்க நிலம் எங்கே?

கடன் கேட்டால் வங்கிக்காரன் முதலில் கேட்பது என்ன? “ஈடு என்ன வைத்திருக்கிறாய்?” என்றுதான். குவாம் தீவின் பூர்வீகக் குடிகளான சாமோரோ மக்களுக்கு ஈடு வைக்க நிலம் இருந்தது. அந்த நிலம் என்ன ஆயிற்று?

சுமாய் என்ற ஊரின் கதையைக் கேளுங்கள். இரண்டாம் உலக யுத்தத்திற்கு முன் ஆப்ரா துறைமுகக் கரையில் செழித்திருந்த ஊர் அது. பசிபிக் கடலடித் தந்திக் கம்பி 1903-இல் அங்கே வந்து இறங்கியது. 1935-இல் கடலில் இறங்கும் பயணி விமானங்கள் அங்கே வந்து தங்கத் தொடங்கின. கடைகளும் தொழில்களும் நடந்த ஊர். 1941 டிசம்பரில் ஜப்பானியப் படை தீவைப் பிடித்தது. மக்கள் சொல்லொணாத் துன்பம் பட்டார்கள். 1944 ஜூலையில் அமெரிக்கப் படை திரும்பி வந்தது. விடுதலை வந்துவிட்டது, வீட்டுக்குப் போகலாம் என்று சுமாய் மக்கள் காத்திருந்தார்கள். வீடு கிடைத்ததா? இல்லை! அந்த இடத்தைக் கடற்படை தனக்கென்று வைத்துக்கொண்டது. ஊர் மக்களைக் குன்றின் மீதிருக்கும் சாந்தா ரீத்தாவில் குடியேற்றினார்கள். இன்றைக்கும் சுமாய் கடற்படைத் தளத்தின் வேலிக்குள்தான் கிடக்கிறது. பாட்டன் பாட்டியின் கல்லறைக்குப் போய் மெழுகுவர்த்தி ஏற்றக்கூட அந்த மக்கள் அனுமதி பெற வேண்டும்.

சுமாய் மட்டுமல்ல. யுத்தத்திற்குப் பின் விமானத் தளம், கடற்படைத் தளம், வெடிமருந்துக் கிடங்கு என்று வளமான நிலங்கள் வளைக்கப்பட்டன. தீவின் நிலத்தில் கால் பங்குக்கும் மேல் இன்று அமெரிக்க ராணுவத்தின் கையில் இருக்கிறது. நிலம் பறிபோனபோது அந்த மக்கள் அமெரிக்கப் பிரஜைகள்கூட அல்ல. பிரஜா உரிமை வந்தது 1950-இல்தான். 1937-இல் கடற்படை இவர்களைச் சேர்த்துக்கொள்ளத் தொடங்கியபோது கொடுத்த வேலை என்ன தெரியுமா? கப்பலில் அதிகாரிகளுக்குச் சாப்பாடு பரிமாறும் எடுபிடி வேலை!

கடை வீதி இருந்த ஊரையே எடுத்துக்கொண்டவர்கள், அந்த மக்களின் பேரனை அழைத்துக் கடை வைப்பது எப்படி என்று இரண்டு நாள் பாடம் நடத்துகிறார்கள். இதைக் கேட்டு நாம் சிரிப்பதா, அழுவதா?

சரக்குக் கூலி என்னும் சுருக்குக் கயிறு

இத்தனையையும் தாண்டி ஒரு வீரன் கடை திறந்துவிட்டான் என்றே வைத்துக்கொள்வோம். அலமாரியில் வைக்கச் சரக்கு எங்கிருந்து வரும்? தீவில் உண்ணும் உணவில் மிகப் பெரும்பகுதி கப்பலில் வருவதுதான். சான்பிரான்சிஸ்கோவிலிருந்து குவாமுக்கு 9,000 கிலோமீட்டருக்கும் அதிகம்.

இங்கே 1920-ஆம் ஆண்டின் ஒரு சட்டம் குறுக்கே நிற்கிறது. ஜோன்ஸ் சட்டம் என்று அதைச் சொல்வார்கள். அமெரிக்கத் துறைமுகத்தில் ஏற்றிய சரக்கை இன்னொரு அமெரிக்கத் துறைமுகத்தில் இறக்க வேண்டுமானால், அமெரிக்கருக்குச் சொந்தமான, அமெரிக்கக் கொடி கட்டிய கப்பலில்தான் கொண்டுபோக வேண்டும். குவாமும் இந்தச் சட்டத்துக்குள் அடக்கம். குறைந்த கூலிக்கு வேறு நாட்டுக் கப்பல் கிடைத்தாலும் அதில் ஏற்ற முடியாது. ஒரு சில கப்பல் கம்பெனிகள் வைத்ததே கூலி. கப்பல் மாலுமிகளின் வேலையைப் பாதுகாப்பது நியாயம்தான். ஆனால் அதன் செலவைப் பொதுக் கஜானா ஏற்க வேண்டுமா, ஓர் ஏழைத் தீவின் சோற்றுப் பானை ஏற்க வேண்டுமா?

வேலிக்கு உள்ளே ஒரு விலை, வெளியே ஒரு விலை

கடைக்குச் சரக்கும் வந்துவிட்டது. வாங்க வருவது யார்? தீவில் கையில் காசு புழங்குவது தளத்தில் சம்பளம் வாங்கும் பட்டாளத்தாரிடம். அவர்களுக்கோ தளத்துக்குள்ளேயே ராணுவம் பண்டகசாலை நடத்துகிறது. கொள்முதல் விலையோடு 5 சதவிகிதம் மட்டும் சேர்த்துப் பலசரக்கு விற்கிறார்கள். அங்கே விற்பனை வரி இல்லை. கடல் கடந்து சரக்கு வரும் கப்பல் கூலியை ராணுவப் பட்ஜெட்டே ஏற்றுக்கொள்கிறது.

வெளியே கடை வைத்த வீரனின் நிலை என்ன? கப்பல் கூலி அவன் தலையில். தீவு சர்க்கார் போடும் வியாபார வரியும் அவன் தலையில். அந்த வரி 2018-இல் 4 சதவிகிதத்திலிருந்து 5 சதவிகிதமாக உயர்த்தப்பட்டது. மில் நிர்வாகமே கேட்டுக்குள் அடக்க விலைக்குக் கடை நடத்தினால், கேட்டுக்கு வெளியே கந்து வட்டிக்கு வாங்கிப் பெட்டிக்கடை வைத்தவன் கதி என்ன ஆகும்? அதே கதிதான் இவனுக்கும்.

2020 ஜனவரி முதல், யுத்தத்தில் ஊனமுற்ற முன்னாள் வீரர்களும் தளத்துப் பண்டகசாலையில் வாங்கலாம் என்று அனுமதி வந்திருக்கிறது. அது அவர்களுக்குச் சேர வேண்டிய உரிமை. அதைப் பறிக்க வேண்டும் என்று நாம் சொல்ல மாட்டோம். ஆனால் உண்மையைப் பாருங்கள். வீரனுடைய கடைக்கு எதிரே, வீரனுடைய கூட்டாளியையே வாடிக்கையாளராக இழுத்துக்கொள்ளும் கடையை நடத்துவது எவனோ ஒரு போட்டி வியாபாரி அல்ல. அவனைக் கடை வைக்கச் சொன்ன அதே சர்க்கார்!

கடை படுத்துவிட்டால் என்ன சொல்வார்கள்? “திட்டம் சரியில்லை, கணக்கு சரியில்லை, சாமர்த்தியம் போதாது” என்பார்கள். நிலத்தைப் பறித்தவனுக்கும் கூலியை ஏற்றியவனுக்கும் சந்தையை வளைத்தவனுக்கும் பழி இல்லை. பழி முழுவதும் பாதிக்கப்பட்டவன் மீது! இந்த உபதேசத்தின் உள்நோக்கம் இங்கேதான் அம்பலமாகிறது. சர்க்கார் தன் கடமையைக் கழற்றி, தனிமனிதன் தோளில் மாட்டிவிடுகிறது.

கோடிகள் எங்கே போகின்றன?

பணமே இல்லையா? கொட்டிக் கிடக்கிறது. ஜப்பானின் ஒக்கினாவா தீவிலிருந்து சுமார் 5,000 மரைன் படையினரைக் குவாமுக்கு மாற்ற, 2020-இல் புதிய தளம் ஒன்று திறக்கப்பட்டது. இந்த மாற்றத்துக்கான செலவுக் கணக்கு சுமார் 860 கோடி டாலர். 2024 டிசம்பரில் முதல் 100 பேர் வந்து இறங்கினார்கள்.

ஊனமுற்ற முன்னாள் வீரர்களின் தொழில்களுக்கு அரசாங்க ஒப்பந்தங்களில் 3 சதவிகிதம் தர வேண்டும் என்று 1999-இல் ஓர் இலக்கு வைத்தார்கள். 2023 டிசம்பரில் இயற்றிய சட்டத்தில் அதை 5 சதவிகிதம் ஆக்கினார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இது அமெரிக்கா முழுவதற்கும் சேர்த்து வைத்த இலக்கு. குவாம் தீவுக்கென்று ஒதுக்கியது அல்ல. பெரிய கட்டட ஒப்பந்தம் எடுக்க வேண்டுமானால் ஜாமீன் பத்திரம் கட்ட வேண்டும் என்று 1935-ஆம் ஆண்டிலிருந்தே சட்டம் இருக்கிறது. ஒரு லாரியும் நாலு ஆட்களும் வைத்துத் தொழில் தொடங்கியவன் அதற்கு எங்கே போவான்? கடல் கடந்து வரும் பெருங் கம்பெனி ஒப்பந்தத்தை எடுக்கும். உள்ளூர் வீரனுக்குக் கிடைத்தால் அதன் கழிவுத் துண்டு.

கட்டட வேலைக்கு பிலிப்பைன்ஸிலிருந்து தற்காலிக அனுமதியில் தொழிலாளிகள் வருகிறார்கள். “இவர்கள்தான் உன் வேலையைப் பறிக்கிறார்கள்” என்று உள்ளூர் வீரனின் காதில் ஓதுவதற்கும் ஆட்கள் உண்டு. இந்தச் சூழ்ச்சியில் சிக்கக் கூடாது. கடல் கடந்து வந்து வெயிலில் கம்பி கட்டுகிறவன் வீரனுக்கு எதிரி அல்ல. இருவர் உழைப்பிலும் லாபம் பார்ப்பவன் ஒப்பந்தக்காரன்.

காயத்துக்கு மருந்து எங்கே?

இன்னொரு கொடுமையும் உண்டு. முன்னாள் வீரர்களுக்கென்று குவாமில் ஒரு சிறு மருத்துவ நிலையம் இருக்கிறது. ஆஸ்பத்திரி இல்லை. பெரிய சிகிச்சை பலவற்றுக்கு ஹவாய்த் தீவுக்குப் போக வேண்டும். சுமார் 6,000 கிலோமீட்டர், விமானத்தில் ஏழு மணி நேரப் பயணம். தனியாளாகக் கடை நடத்துகிறவன் கதவைச் சாத்திவிட்டுத்தான் போக வேண்டும். திரும்பி வரும்போது வாடிக்கை போயிருக்கும்; வட்டி மட்டும் வளர்ந்திருக்கும்.

இதையெல்லாம் யாரிடம் போய்க் கேட்பது? குவாம் மக்களுக்கு அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலில் வாக்கு இல்லை. வாஷிங்டன் காங்கிரசின் கீழ்ச்சபையில் ஒரு பிரதிநிதி உட்காரலாம். சட்டம் நிறைவேறும் இறுதி வாக்கெடுப்பில் கை தூக்க முடியாது. யுத்தத்துக்கு அனுப்புவது யார் என்று தேர்ந்தெடுக்கும் உரிமை, யுத்தத்துக்குப் போகிறவனுக்கு இல்லை!

உண்மையான உதவி எது?

உதவி என்றால் இப்படி இருக்கட்டும்:

1. தளத்துப் பண்டகசாலையின் சரக்குக் கூலியைக் கொடுக்கும் பட்ஜெட், முன்னாள் வீரர்களும் தீவு மக்களும் நடத்தும் கடைகளின் சரக்குக் கூலியையும் ஏற்கட்டும்.

2. தளத்துச் சமையற்கூடங்கள் காய்கறி, மீன், முட்டையில் ஒரு நிச்சயமான பங்கைத் தீவின் வீரர்களிடமும் விவசாயிகளிடமும் மீனவர்களிடமும் கட்டுப்படியாகும் விலைக்கு வாங்கட்டும்.

3. பெரிய ஒப்பந்தங்களைச் சிறு சிறு வேலைகளாகப் பிரித்து, ஒரு பகுதியை உள்ளூர் வீரர்களின் கூட்டுறவுச் சங்கங்களுக்கே ஒதுக்கட்டும். தனித்தனியே கடை வைத்துத் தனித்தனியே மூழ்குவதைவிட, பத்துப் பேர் சேர்ந்து கொள்முதல் செய்தால் கப்பல் கம்பெனியோடு பேரம் பேசவாவது முடியும்.

4. ராணுவம் வளைத்து வைத்து உபயோகிக்காத நிலத்தை உரியவர்களிடம் ஒப்படைக்கட்டும். இது நடக்காத காரியம் அல்ல. மக்கள் விடாமல் கேட்டதால், 1994-இல் சுமார் 3,200 ஏக்கரைத் திருப்பித் தர அமெரிக்கக் காங்கிரசே சட்டம் இயற்ற வேண்டி வந்தது.

5. தீவிலேயே முழுச் சிகிச்சை கிடைக்கட்டும். கடை வைக்க விரும்பாத வீரனுக்கு நியாயமான கூலியில் நிரந்தர வேலை கிடைக்கட்டும். ஊரில் எல்லாருமே முதலாளி ஆகிவிட முடியாது. அப்படி ஆகலாம் என்று சொல்வது, கூலி உயர்வைப் பற்றிப் பேசாமல் வாயை அடைக்கும் வித்தை.

மில்லில் தறி ஓட்டும் தோழனுக்கும் வயலில் நாற்று நடும் தோழிக்கும் குவாம் வெகுதூரத்தில் இருக்கலாம். ஆனால் இந்தத் தந்திரம் தூரத்தில் இல்லை. நிலத்தையும் சந்தையையும் கையில் வைத்துக்கொண்டு, இல்லாதவனைப் பார்த்து “முயற்சி செய்தால் முன்னேறலாம்” என்று சொல்கிற குரல் எங்கே கேட்டாலும் அடையாளம் கண்டுகொள்ளுங்கள். அந்தக் குரலிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “முயற்சி என்னுடையது, சரி. நிலம் யாருடையது?”

குவாம் வீரர்கள் கேட்க வேண்டியதும் அதே கேள்விதான். அவர்கள் ரத்தம் சிந்தியபோது யாரும் அவர்களுக்கு வகுப்பு நடத்தவில்லை. இப்போது அவர்களுக்குச் சேர வேண்டியது வகுப்பு மட்டுமல்ல, நிலமும் கூலியும் வாக்குரிமையும்!