கெட்டிக்காரர்களின் சினிமா

என் நண்பர் ஒருவரின் மகன், இருபத்து நான்கு வயதுப் பையன், கம்ப்யூட்டர் கம்பெனியில் உத்தியோகம் பார்க்கிறவன், ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைத் தேடி வந்தான். "மாமா, 2008-ல அமெரிக்கா எப்படிக் குப்புற விழுந்ததுன்னு இந்த ஒரு படத்தைப் பார்த்தாப் போதும். பத்துப் புஸ்தகம் படிக்க வேண்டாம்" என்று சொல்லி, தன் கம்ப்யூட்டரை என் மேஜை மேல் வைத்து 'தி பிக் ஷார்ட்' என்ற படத்தைப் போட்டுக் காட்டினான்.

நானும் உட்கார்ந்து பார்த்தேன். இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடுகிற படம். ஓர் இடத்தில்கூட எனக்கு அலுக்கவில்லை. முடிந்ததும் அவனைக் கேட்டேன்: "சரி, நீ என்ன தெரிந்து கொண்டாய்?"

கொஞ்சமும் யோசிக்காமல் பதில் சொன்னான்: "எல்லாரும் ஒரு பக்கம் ஓடறப்போ, நாம எதிர்ப்பக்கம் பணத்தைக் கட்டணும் மாமா!"

இந்தப் பதிலுக்குப் பையன் பொறுப்பல்ல, படம்தான் பொறுப்பு என்பது என் கட்சி. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

படத்தைப் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். மைக்கேல் லூயிஸ் 2010-இல் எழுதிய புத்தகத்தை வைத்து, ஆடம் மக்கே என்பவர் 2015-இல் எடுத்த படம். தழுவித் தீட்டிய திரைக்கதைக்காக ஆஸ்கார் பரிசும் பெற்றது. அமெரிக்காவில் வீட்டுக் கடன் வியாபாரம் உச்சத்தில் இருந்தபோது, 'இது விழத்தான் போகிறது' என்று முன்கூட்டியே கண்டு, விழும் என்று பந்தயம் கட்டி, கோடி கோடியாய் ஜெயித்த சில பேருடைய கதை இது. விலை விழும் என்று பணம் கட்டுவதைத்தான் அங்கே 'ஷார்ட்' என்கிறார்கள்.

படத்தின் நடுவில் கதையை நிறுத்திவிட்டுப் பாடம் நடத்துகிறார்கள். மார்கோ ராபி என்ற அழகி நுரை பொங்கும் குளியல் தொட்டியில் கிடந்துகொண்டு அடமானப் பத்திரத்தைப் பற்றி விளக்குகிறாள். ஆண்டனி போர்டைன் என்ற சமையற்கலைஞர், விற்காத பழைய மீனைக் குழம்பாக்கிப் புதுச் சரக்கென்று விற்கிற மாதிரிதான் இந்தக் கடன் பத்திரங்கள் என்கிறார். ரிச்சர்ட் தாலர் என்ற பொருளாதாரப் பேராசிரியர் சூதாட்ட மேஜை ஓரத்தில் உட்கார்ந்து, ஒருவன் ஆட்டத்தின் மேல் இன்னொருவன் பந்தயம் கட்ட, அந்தப் பந்தயத்தின் மேல் மூன்றாமவன் பந்தயம் கட்டுகிற விந்தையை விளக்குகிறார். நன்றாகத்தான் இருக்கிறது. மீன் குழம்பை நான் இந்த ஜன்மத்தில் மறக்க மாட்டேன்.

ஆனால் இவ்வளவு விளக்கம் எதற்கு? விஷயம் அத்தனை கஷ்டமானதா?

வருமானம் உண்டா இல்லையா என்று சரியாக விசாரிக்காமல் கடன் கொடுத்தார்கள். முதல் இரண்டு வருஷத்துக்குக் குறைந்த வட்டி, அப்புறம் ஏறும். கொடுத்தவன் அந்தக் கடனைத் தன் பெட்டியில் வைத்திருக்கவில்லை. பெரிய பாங்கிகளுக்கு விற்றுக் கமிஷனை வாங்கிக்கொண்டான். பாங்கிகள் ஆயிரக்கணக்கான கடன்களை ஒரு மூட்டையாகக் கட்டி, அதன் மேல் பத்திரம் போட்டு ஊரெல்லாம் விற்றன. அந்தப் பத்திரங்களுக்கு 'உத்தமம்' என்று முத்திரை குத்திக் கொடுத்த தர நிர்ணயக் கம்பெனிகளுக்குக் கூலி கொடுத்தவர்கள் யார்? பத்திரத்தை விற்றவர்களேதான்! மாட்டுத் தரகனிடம் மாட்டைப் பற்றி நற்சாட்சிப் பத்திரம் வாங்கின கதை. இதைப் புரிந்துகொள்ள ஓர் அழகியும் வேண்டாம், ஒரு பேராசிரியரும் வேண்டாம். பட்டம் வாங்காமல் கல்லூரியை விட்டு வந்த எனக்கே புரிகிறது.

இதை மகா ரகசியமாக்கி, அந்த ரகசியத்தை நம் காதில் ஓதுவதன் மூலம் படம் ஒரு காரியம் செய்கிறது. நம்மைக் கெட்டிக்காரர்களின் கட்சியில் சேர்த்துவிடுகிறது. 'ஊரெல்லாம் முட்டாள், நமக்குத் தெரியும்' என்ற கர்வம் பார்க்கிறவனுக்கு உண்டாகிறது. தெரிந்துகொண்டதைக் காட்டிலும், தெரிந்துகொண்டுவிட்டோம் என்ற இந்தக் கர்வத்தைத்தான் அவன் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போகிறான்.

நான் கதை எழுதிப் பிழைக்கிறவன். எனக்கு என் தொழிலில் ஒரு சங்கதி தெரியும். யாருடைய தோளுக்குப் பின்னால் நின்று கதையைப் பார்க்கச் செய்கிறோமோ, அவனுடைய ஆசைதான் வாசகனுடைய ஆசை. திருடனைத் தொடர்ந்து போனால் போலீஸ்காரன் வந்துவிடக் கூடாதே என்று நமக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும். இது கதையின் தர்மம்.

இந்தப் படத்தில் நாம் யாரைத் தொடர்ந்து போகிறோம்? வீழ்ச்சிக்குக் காத்திருக்கிறவர்களை! கிறிஸ்டியன் பேல் நடிக்கிற டாக்டர் மைக்கேல் பரி, மாதா மாதம் தவணை கட்டிக்கொண்டு, முதலீடு செய்தவர்களிடம் வசவு வாங்கிக்கொண்டு, 'ஏன் இன்னும் விழவில்லை?' என்று தவிக்கிறான். நாமும் தவிக்கிறோம். ஸ்டீவ் கேரல் நடிக்கிற மார்க் பாம் பல்லைக் கடிக்கிறான். நாமும் கடிக்கிறோம். கடைசியில் எல்லாம் இடிந்து விழுகிறபோது 'அப்பாடா!' என்று மூச்சு விடுகிறோம்.

நானும் விட்டேன். பொய் சொல்லவில்லை. பரி தன் பலகையில் 489 சதவீத லாபம் என்று எழுதிவிட்டுப் போகிற இடத்தில் எனக்கு ஒரு சந்தோஷம் பொங்கியது. மறுகணம்தான் உறைத்தது: எதற்காக நான் சந்தோஷப்பட்டேன்? லட்சக்கணக்கான குடும்பங்கள் வீட்டுச் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தெருவுக்கு வந்ததற்கா?

'படமே அதைக் கண்டிக்கிறதே' என்பார்கள். வாஸ்தவம். பிராட் பிட் நடிக்கிற பாத்திரம், பந்தயம் கட்டிவிட்ட குஷியில் குதிக்கிற இரண்டு இளைஞர்களை நிறுத்தி, 'எதன் மேல் பணம் கட்டியிருக்கிறீர்கள் தெரியுமா? எத்தனை பேர் வேலையும் உயிரும் இழப்பார்கள் தெரியுமா?' என்கிற பாவனையில் புத்தி சொல்கிறது. முடிவில் 80 லட்சம் பேர் வேலை இழந்தார்கள், 60 லட்சம் பேர் வீடு இழந்தார்கள் என்றும் சொல்கிறார்கள். நான் கேட்கிறேன்: இரண்டு மணி நேரம் வண்டியைத் தெற்கே ஓட்டிவிட்டு, இறங்குகிற இடத்தில் வடக்கைக் காட்டிக் கும்பிடு போட்டால் வடக்கே போய்ச் சேர்ந்ததாக ஆகுமா? கதை போகிற திசையைப் பிரசங்கம் மாற்றாது.

இந்தக் கெட்டிக்காரர்கள் குற்றமற்ற சாட்சிகளும் அல்லர். விழும் என்று பணம் கட்ட ஒருவன் வந்தால்தான், விழாது என்கிறவனுக்கு எதிராள் கிடைப்பான். அந்த இரண்டு பேரையும் கோத்துத்தான், அசல் கடனே இல்லாத வெறும் பந்தயப் பத்திரங்களைப் பாங்கிகள் மேலும் மேலும் சிருஷ்டித்து விற்றன. சூதாட்ட மேஜைப் பாடத்தின் அர்த்தமே இதுதான். லாஸ் வேகாஸ் காட்சியில் பாமுக்கே இது புரிந்து முகம் வெளுக்கிறது. ஆனால் அவன் பந்தயத்தை விட்டு எழுந்து போய்விடவில்லை.

ஜெயித்த பணம் எங்கிருந்து வந்தது என்பதும் பார்க்கத்தக்கது. கடன் மூழ்கினால் ஈடு கட்டுகிறோம் என்று பாங்கிகளுக்கு ஏராளமாக எழுதிக் கொடுத்திருந்த இன்ஷ்யூரன்ஸ் கம்பெனி ஏ.ஐ.ஜி. லேமன் பிரதர்ஸ் திவாலான 2008 செப்டம்பர் 15-க்கு மறுநாள், அதைத் தூக்கி நிறுத்த 8,500 கோடி டாலர் கடன் கொடுத்தது அமெரிக்க மத்திய வங்கி. அடுத்த மாதம் பாங்கிகளுக்காக 70,000 கோடி டாலருக்குச் சட்டம் செய்தார்கள். ஏ.ஐ.ஜி.யிடம் ஈடு வாங்கியிருந்த பெரிய பாங்கிகளுக்குப் பந்தயப் பாக்கி குறையாமல் கிடைத்தது. வீட்டுக்காரனுக்கு யாரும் அப்படி முழுசாகக் கணக்குத் தீர்க்கவில்லை.

அந்த வீட்டுக்காரன் படத்தில் எங்கே? தேடிப் பார்த்தேன். புளோரிடாவில் ஒரு குடித்தனக்காரன் வருகிறான். ஒழுங்காக வாடகை கொடுத்துக்கொண்டிருக்கிறவன். வீட்டுச் சொந்தக்காரன் நாயின் பெயரில் கடன் வாங்கிவிட்டுத் தவணை கட்டவில்லை. கதவைத் தட்டிய கனவான்கள் சொல்லித்தான் விஷயமே இவனுக்குத் தெரிகிறது. 'அப்படியானால் நாங்கள் காலி செய்ய வேண்டுமா?' என்று திகைக்கிறான். குழந்தை பக்கத்தில் நிற்கிறது. பிறகு ஓரிடத்தில் அந்தக் குடும்பம் வண்டியிலேயே வாசம் செய்வதைக் காட்டுகிறார்கள். அவ்வளவுதான். சில நிமிஷங்கள். மீன் குழம்புக்கு அகப்பட்ட நேரம்கூட இந்த மனிதனுக்கு அகப்பட்டதா என்பது சந்தேகம்!

நானும் வீட்டுக் கடன் வாங்கியவன். பாங்கியில் விரல் வைத்த இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டேன். ஒரு பக்கம்கூடப் படிக்கவில்லை. இந்தப் படத்தில் எனக்குச் சொந்தக்காரன் யார் என்று கேட்டால், அந்தக் குடித்தனக்காரன்தான். வாசகர்களே, உங்களில் பெரும்பாலோருக்கும் அவன்தான். ஆனால் படம் முடிகிறபோது நாம் எல்லோரும் டாக்டர் பரியாகிவிடுகிறோம். இதை மோசடி என்று சொல்லாமல் வேறு என்னவென்று சொல்வது?

இதன் பலனை நம் ஊரிலேயே காணலாம். பங்குச் சந்தையில் விலை ஏறும், இறங்கும் என்று பந்தயம் கட்டுகிற வியாபாரத்தில், 2022 மார்ச்சோடு முடிந்த ஆண்டு முதல் மூன்று நிதியாண்டுகளைக் கணக்கெடுத்து, தனி நபர்களில் 100-க்கு 93 பேர் நஷ்டப்பட்டார்கள் என்று 'செபி' 2024-இல் அறிவித்தது. மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். இத்தனை பேரையும் ஒரு சினிமா கெடுத்துவிட்டது என்று சொல்ல நான் பைத்தியக்காரன் அல்ல. ஆனால் அந்த 93 பேரில் ஒவ்வொருவனும் தன்னை மீதி ஏழு பேரில் ஒருவனாக எண்ணித்தானே பணத்தைக் கட்டியிருப்பான்? அந்த எண்ணத்துக்குத்தான் இம்மாதிரிப் படங்கள் எண்ணெய் வார்க்கின்றன.

இவ்வளவையும் பையனிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டான். கடைசியில், "எல்லாம் சரி மாமா. ஆனா அந்தக் குடித்தனக்காரன் கதையை எடுத்தா, யார் பாப்பா?" என்றான்.

நியாயமான கேள்விதான். அவனைக் கோபித்துக்கொள்ள எனக்கு வாய் வரவில்லை. அந்த மனிதனுடைய கதையையும் அலுக்காமல் இரண்டு மணி நேரம் பார்க்கும்படிச் சொல்ல வேண்டியது, என்னைப் போலக் கதை சொல்லிப் பிழைக்கிறவர்களின் வேலை. நாங்கள் அதைச் செய்யவில்லை. அதனால்தான் தோற்றவன் வீட்டுப் பையன், ஜெயித்தவனுக்குக் கைதட்டிக்கொண்டிருக்கிறான்.