கடல் கடக்கும் செவிலி

சங்க அகப்பாடல்களில் செவிலி என்பவள் வீட்டில் இருப்பவள். தான் வளர்த்த மகள் தலைவனோடு சுரம் கடந்து போய்விட, அவளைத் தேடி நடந்து, எதிர்ப்படுவோரிடம் வினவி, வருந்தி நிற்பவள். பொருள் தேடிப் பிரிபவன் தலைவன் ஒருவனே. கடல் கடக்கும் பிரிவு பெண்ணோடு நிகழ்வதில்லை என்று தொல்காப்பியத்தின் அகத்திணையியலும் வரையறுத்தது. இராமநாதபுரக் கடற்கரையின் பேச்சுவழக்கும் இதற்கு விலக்கன்று. கீழக்கரைப் பக்கம் வெளிநாடு சென்று பொருளீட்டுபவரைச் 'சபுராளி' என்பர். அச்சொல்லைக் கேட்டதும் நம் மனக்கண்ணில் எழுபவர் ஓர் ஆண்தான். இந்தக் கரையிலிருந்து பெண்கள் கடல் கடந்ததே இல்லை என்று சொல்லவில்லை. மண்டபம் முகாம் வழியாக இலங்கைத் தோட்டங்களுக்குப் போனோரில் பெண்களும் இருந்தனர். ஆனால் குடும்பத்தோடு, கூலிகளாகப் போயினர். தனியே, தான் கற்ற கல்வியையே முதலாகக் கொண்டு, செவிலி என்னும் அந்தப் பழைய சொல்லையே தொழிற்பெயராகத் தாங்கிய பெண் முந்நீர் கடப்பது நம் காலத்துப் புதுமை. அந்தப் பயணத்தைப் பற்றி நாம் பெருமைப்படுகிறோம், அல்லது புலம்புகிறோம். நிதானமாக யோசித்திருக்கிறோமா என்பதே நம் கேள்வி.

அவர்கள் ஏன் போகிறார்கள் என்பதற்கு நெடிய ஆராய்ச்சி தேவையில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். மற்ற மாதங்களில் கடலுக்குப் போனாலும் படகு இலங்கைக் கடற்படையிடம் சிக்கினால் ஒரு குடும்பத்தின் முதலே போயிற்று. பருவத்தையும் எல்லைக்கோட்டையும் நம்பி வாழும் வீட்டில், மாதம் பிறந்தால் வந்துசேரும் ஊதியம் சாதாரணப் பொருளன்று. பாம்பனிலோ தங்கச்சிமடத்திலோ ஒரு மகளைச் செவிலியர் படிப்பில் சேர்க்கும் பெற்றோர் அந்த நிச்சயத்தையே விலைகொடுத்து வாங்குகின்றனர்.

செவிலியர் எல்லோரையும் ஒன்றாகப் பேசுவது வழக்கம். இங்கே நாம் எடுத்துக்கொள்வது ஆபரேஷன் தியேட்டர் என்று ஊரார் சொல்லும் அறுவை அரங்கில் பணிபுரிபவர்களை. அங்கே இருவகைப் பணி உண்டு. ஒருவர் கைகழுவி, தூய அங்கி அணிந்து, மேசையருகே நின்று கருவிகளை எடுத்துக் கொடுப்பார். மற்றவர் அரங்கினுள் நடமாடித் தேவையானவற்றைத் தருவிப்பார், பதிவு செய்வார். உடலைத் தைத்து மூடுமுன் பஞ்சும் ஊசியும் கருவியும் எண்ணிக்கை தவறாமல் இருக்கின்றனவா என்று இருவரும் சேர்ந்து எண்ணுவர். உலக சுகாதார நிறுவனம் 2008-இல் வெளியிட்ட அறுவைப் பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியலிலும் இந்த எண்ணிக்கைக்கு இடமுண்டு. மருத்துவர் கேட்குமுன் எந்தக் கருவி வேண்டும் என்று அறியும் கை, புத்தகத்தால் வருவதன்று. பல நூறு அறுவைகளில் நின்றால்தான் வரும். அதனாலேயே வெளிநாட்டு மருத்துவமனைகள் இவர்களைத் தேடுகின்றன.

போவது தவறா? தவறன்று என்பதே நம் துணிபு. ஆனால் 'எவ்வளவு சம்பளம்' என்பது இந்தப் பயணத்தின் முதற்கேள்வியாக இருத்தல் கூடாது. எந்தத் திறனோடு போகிறோம், எவருடைய பணத்தில் போகிறோம், எதற்குத் திரும்பி வருகிறோம் என்னும் மூன்றும் அதற்கு முந்தியவை.

முதலாவது, திறன். வளைகுடா நாடுகளில் பெரும்பாலும் இரண்டாண்டுப் பணி அனுபவம் கேட்கப்படுகிறது. அனுபவச் சான்றிதழை ஒரு சரிபார்ப்பு நிறுவனம் அதை வழங்கிய மருத்துவமனைக்கே அனுப்பி உண்மையா என்று கேட்கும். நம் ஊர்ச் சான்றிதழ்களிலோ 'செவிலியராகப் பணியாற்றினார்' என்ற ஒரு வரியே பெரும்பாலும் இருக்கும். அரங்கில் எத்தனை ஆண்டு, எலும்பு அறுவையா, மகப்பேறா, வயிற்று அறுவையா என்ற விவரம் இராது. வேலையில் இருக்கும்போதே இவற்றை எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். நோயாளியின் பெயரின்றி, தான் நின்ற அறுவைகளின் பட்டியலை நாள்தோறும் குறித்து, மாதந்தோறும் பொறுப்பாளரின் கையொப்பம் பெற்று வைத்தால், நேர்காணலில் அதுவே பேசும். செவிலியர் குழுமத்தின் பதிவைப் புதுப்பித்து வைப்பதும், பணியில் நீண்ட இடைவெளி விழாமல் காப்பதும் இதனோடு சேர்ந்தவை. தேர்வும் நாட்டுக்கு நாடு வேறு: ஜெர்மனி ஜெர்மன் மொழித் தேர்ச்சி கேட்கிறது, பிரிட்டன் ஆங்கிலத் தேர்ச்சியோடு செயல்முறைத் தேர்வும் வைக்கிறது. எந்த நாடு என்று முன்பே தீர்மானியாதவர் இரண்டு தேர்வுக்கும் பணம் கட்டி இரண்டிலும் அரைகுறையாக நிற்பார்.

இரண்டாவது, பணம். 2014-இல் ஈராக்கின் திக்ரித் நகரில் போரின் நடுவே 46 இந்தியச் செவிலியர் சிக்கிக்கொண்டதை நாடே கவலையோடு பார்த்தது. அவர்கள் ஜூலை 5 அன்று கொச்சி வந்திறங்கினர். கேரளத்தார் நடுவே தூத்துக்குடிப் பெண் ஒருவரும் இருந்தார். குண்டு விழும் ஊரிலிருந்து வெளியேறவும் அவர்களில் பலர் தயங்கியதாகச் செய்திகள் வந்தன. காரணம், கல்விக்கடனும் முகவருக்குக் கொடுத்த கடனும். போரைவிடக் கடன் அச்சமூட்டியது என்றால் அந்தப் பயணம் தொடங்கிய விதமே பிழை. அடுத்த ஆண்டு குவைத் வேலைக்கு 19,500 ரூபாய் வாங்க வேண்டிய இடத்தில் ஒரு கொச்சி நிறுவனம் தலைக்குச் சுமார் 19.5 லட்சம் வாங்கியதாக மத்தியப் புலனாய்வுத் துறை வழக்குத் தொடுத்தது. அதே 2015-இல்தான், குடியேற்ற அனுமதி தேவைப்படும் 18 நாடுகளுக்குச் செவிலியரை அரசுசார் நிறுவனங்கள் வழியாகவே அனுப்ப வேண்டும் என்று மத்திய அரசு விதித்தது. தமிழ்நாட்டில் அதற்கென 1978 முதலே அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் சென்னையில் இருக்கிறது. தனியார் முகவர் வாங்கத்தக்க சேவைக் கட்டணத்துக்கும் வரி நீங்கலாக 30,000 ரூபாய் என்று உச்சவரம்பு உண்டு. அதற்கு மேல் கேட்பவரிடம் பேரம் பேசுவதைவிட எழுந்து வந்துவிடுவதே அறிவுடைமை.

மூன்றாவது, திரும்புதல். அமெரிக்காவில் 'பயணச் செவிலியர்' என்றொரு பிரிவே உண்டு. பெரும்பாலும் 13 வார ஒப்பந்தம். முடிந்தால் வேறு ஊர், அல்லது சொந்த வீடு. நம் பெண்களுக்கோ ஒப்பந்தம் ஆண்டுக்கணக்கில். முதல் ஒப்பந்தத்தில் கல்விக்கடன், அடுத்ததில் வீடு, அதற்கடுத்ததில் தம்பியின் படிப்பு என்று பிறர் தேவைகள் பயணத்தை நீட்டிக்கொண்டே போகும். தன் பெயரில் ஒரு சேமிப்பு, திரும்பும் ஆண்டு என ஒரு குறிப்பு, இவ்விரண்டும் புறப்படுமுன்னரே குடும்பத்தாரோடு பேசி முடிவு செய்ய வேண்டியவை. செல்பவர் பெண் என்பதால் இந்தப் பேச்சு நம் வீடுகளில் நடப்பதில்லை. அவள் ஈட்டுவது வீட்டுக்கு என்பது சொல்லாமலே விளங்கிய விதியாகிவிடுகிறது.

ஆனால் திரும்புதல் அவள் கையில் மட்டும் இருக்கிறதா? 2015-இல் தேர்வு எழுதி ஒப்பந்தமுறையில் அரசுப்பணி ஏற்ற செவிலியருக்கு மாதம் 7,700 ரூபாய் கொடுத்தோம். 2017 நவம்பரில் அவர்கள் சென்னையில் போராட நேர்ந்தது. கொரோனாக் காலத்தில் கைதட்டிப் பாராட்டிய நாம், அப்போது பணியில் சேர்ந்த இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரின் ஒப்பந்தம் 2022 டிசம்பர் 31-உடன் முடித்துக்கொள்ளப்பட்டபோது என்ன செய்தோம்? தனியார் மருத்துவமனை ஊதியம் குறித்து உச்ச நீதிமன்றத்தின் 2016-ஆம் ஆண்டு ஆணையின்படி அமைந்த குழு, 50 படுக்கைக்குக் குறைந்த இடத்திலும் 20,000 ரூபாய்க்குக் குறையக்கூடாது என்று பரிந்துரைத்தது. அந்தப் பரிந்துரை நம் சிறுநகர மருத்துவமனைகளின் வாசலைத் தாண்டி உள்ளே போனதா என்பதை அங்கே பணிபுரிபவர்களிடம் கேட்டறியலாம்.

இராமநாதபுரம் 2018 முதல் மத்திய அரசின் முன்னேற விழையும் மாவட்டங்களின் பட்டியலில் உள்ளது. அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. கட்டடம் வந்துவிட்டது, மகிழ்ச்சி. இராமேசுவரம் தீவில் நள்ளிரவில் ஒரு தாய்க்கு அறுவைப் பேறு தேவைப்பட்டால், பாம்பன் பாலம் கடந்து ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் போகாமல் அங்கேயே அது நடக்க, மருத்துவர் மட்டும் போதாது. கருவியை எண்ணித் தரும் தேர்ந்த கையும் வேண்டும். அந்தக் கையை நாமே பயிற்றுவித்து, ஏதோ ஒரு வளைகுடா நகரத்துக்கு அனுப்பிவிட்டு, பணவிடை வருகிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

வெளிநாட்டு அரங்குகளில் ஐந்தாண்டு நின்று திரும்புபவருக்கு அந்த ஐந்தாண்டையும் பணிக்காலமாக மதித்து, அரசு மருத்துவமனைகளில் நிலையான இடமும், இளையவர்களைப் பயிற்றுவிக்கும் பொறுப்பும் தர ஒரு விதி வேண்டும். பெருஞ்செலவு பிடிக்கும் திட்டமன்று இது. மனம் வைத்தால் ஓர் அரசாணையில் முடியும். தலைவன் பொருளோடு மீள்வான் என்னும் நம்பிக்கையில்தான் முல்லைத்திணை நிற்கிறது. செவிலி கல்வியோடு மீள்வதற்கு ஒரு வாசலைத் திறந்து வைக்காமல், அவள் ஏன் போனாள் என்று கேட்கும் உரிமை நமக்கில்லை.