வளைய வேண்டியது வகுப்பு, உழைப்பாளியின் முதுகு அல்ல!

“வயது வந்தோருக்கு வசதியான நேரத்தில் படிப்பு, வேலையை விடாமலே தொழிற்பயிற்சி” என்ற பேச்சு இப்பொழுது எங்கும் கேட்கிறது. சர்க்கார் பேசுகிறது, மில் முதலாளிகளும் பேசுகிறார்கள். நல்ல பேச்சுதான். படிப்பு வேண்டாம் என்று எந்த உழைப்பாளி சொல்வான்? ஆனால் நாம் ஒன்று கேட்கிறோம்: யாருக்கு வசதியான நேரம்?

வாரத்துக்கு வாரம் ஷிப்ட் மாறும் மில் தொழிலாளி எட்டு மணி நேரம் நின்ற கால்களோடு வீடு திரும்புகிறான். விடியுமுன் உலை வைத்துவிட்டு நடவுக்கும் களைக்கும் போகும் தாய், பொழுது சாய்ந்ததும் மறுபடி அடுப்படிக்குத்தான் போகிறாள். மாலை 6 மணிக்கு வகுப்பு என்று பலகை மாட்டினால் போதுமா? பத்தே நாளில் வகுப்பு காலியாகும். உடனே “இவர்களுக்குப் படிப்பில் அக்கறை இல்லை” என்பார்கள். இல்லாதது அக்கறை அல்ல, நேரம்!

அக்கறைக்குச் சாட்சி வேண்டுமா? 1991-ல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியது. தொண்டர்கள் குடியிருப்புகளைத் தேடிப் போனார்கள். விவசாயக் கூலிப் பெண்களும் கல்குவாரிப் பெண்களும் எழுத்துக் கற்றார்கள். ஆயிரக்கணக்கானோர் சைக்கிள் ஓட்டவும் கற்றார்கள். ஆனால் அங்கும், நாளெல்லாம் உழைத்துக் களைத்தவர்கள் தங்கள் ஓய்வைக் கொடுத்துத்தான் படித்தார்கள்.

படிப்புக்கான நேரத்தை வேலை நேரத்திலிருந்தே வாங்கிக் காட்டியவர்கள் இத்தாலி நாட்டு உலோகத் தொழிலாளர்கள். 1973 ஒப்பந்தத்தில், 3 ஆண்டுகளில் 150 மணி நேரம் கூலியோடு படிக்கும் உரிமையைப் பெற்றார்கள். தம் சொந்த நேரத்திலும் அதே அளவைப் போட ஒப்புக்கொண்டார்கள். முதலாளிக்கு வேண்டிய பயிற்சிக்கு மட்டுமே அந்த நேரம் என்பதை அவர்கள் ஏற்கவில்லை. பள்ளியைப் பாதியில் விட்டவர்கள் நடுநிலைப் பள்ளிச் சான்று பெற்றார்கள். உரிமை மற்றத் தொழில்களுக்கும் பரவியது. 1974-ல் சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனமும் கூலியோடு கல்வி விடுப்புக்கென 140-வது உடன்படிக்கையை நிறைவேற்றியது. இந்தியா அதில் இன்னும் சேரவில்லை.

நம் நாட்டிலோ, ‘பயிற்சியாளர்’ என்று பெயர் சூட்டி, இளம் பெண்களை நூற்பாலைகளில் ஆண்டுக்கணக்கில் குறைந்த கூலிக்கு வேலை வாங்கியதைக் கண்டோம். அது பயிற்சியல்ல, சுரண்டல்!

ஆகவே நாம் கோருவது இதுதான். மில்லில் வகுப்பு ஷிப்டோடு சேர்ந்து மாற வேண்டும். படிக்கும் நேரத்தில் பாதியாவது கூலி நேரமாக இருக்க வேண்டும். புதிய இயந்திரம் வருமுன் அதை இயக்கும் பயிற்சி, ஏற்கெனவே வேலையில் உள்ளவர்களுக்கு முதலில் கிடைக்க வேண்டும். சம்பளச் சீட்டைப் படித்துக் கணக்குப் பார்ப்பதும் பாடமாக வேண்டும்.

விவசாயத் தொழிலாளிக்கு ஒரே முதலாளி இல்லை. எனவே சர்க்கார்தான் பொறுப்பு. நடவு, அறுப்பு நாட்களில் வகுப்பை நிறுத்தி, வேலையில்லா மாதங்களில் கூட்டி நடத்தட்டும். ஊரக வேலைத் திட்டத்தில் வகுப்பு நேரத்தையும் வேலை நேரமாகக் கணக்கிடட்டும். தாய்மார் படிக்கும்போது குழந்தைகளைப் பார்க்க ஆள் போடட்டும்.

தோழர்களே! எட்டு மணி நேர வேலையை யாரும் நமக்குத் தானமாகத் தரவில்லை. படிக்கும் நேரமும் தானாக வராது. அடுத்த கூலிப் பேச்சு வார்த்தையில் பஞ்சப்படி, போனஸோடு படிப்பு நேரத்தையும் கோரிக்கைப் பட்டியலில் எழுதுவோம்!